குட்டைக் கை

கை மடங்கவில்லை. ராமாயி வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து புருசனின் முழங்கையில் சுற்றி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்து உருவிவிட்டாள். உயிரோடு இருந்தவரை வீரணனுக்கு அவள் ஒருநாளும் கைகால் பிடித்துவிட்டதில்லை. அவன் கேட்டதும் இல்லை.

“இப்பிடி உருவிக்கிட்டே இருந்தா வண்டி வந்துரும்மா. பனியனை வெட்டி எடுத்துருவோம்,” என்றாள் நதியா.

மகள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் நைட் ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டும்போது சேதி கிடைத்து, பல்லடம் வந்து பஸ் மாறி, எட்டரை மணிக்குத்தான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பையைத் திறந்து, துணியில் நூல் பிசிறு வெட்டுகிற கட்டரை எடுத்தாள். விரல் நீளம்தான் இருக்கும். வெட்டி வெட்டி அதன் வாய் மட்டும் பளபளத்தது.

ராமாயி மகளின் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“உள்ள வையி அதை.”

“இனி இதை யாரு போடப்போறா?”

“வையின்னேன்ல.”

பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் குப்பாயி, வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றவள், “வெட்டுனா என்னாயா தப்பு? எப்படியும் சுடுகாட்டுல வீசற துணிதானே,” என்றாள்.

ராமாயி துண்டை மறுபடி முக்கினாள்.

தென்னந்தோப்புக்கு நடுவில், மோட்டார் ரூமை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. சாளை என்பார்கள். பதினோரு வருடமாக அவர்களுக்கு அதுதான் வீடு. அதன் வாசலில் கயிற்றுக்கட்டிலில் வீரணன் கிடந்தான். முறைப்படி நீர்மாலை எடுப்பதும் குளிப்பாட்டுவதும் உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்த ஊரில் நடக்கும். ஆனால் சாணியிலும் மூத்திரத்திலும் விழுந்து செத்தவனை அப்படியே வேனில் ஏற்ற முடியாது. இங்கே உடம்பைத் துடைத்து, மொதலாளி வீட்டிலிருந்து வந்த புது வேட்டியைக் கட்டிவிட வேண்டும். ஒரு மணிக்கு வேன் வரும்.

அவன் போட்டிருந்தது முழுக்கைப் பனியன். மொதலாளி பொங்கியண்ணனின் கம்பெனியில் கழித்துப்போட்ட மால். தைத்தவர்கள் தப்பு செய்து, இடது கை வலது கையைவிட நாலு விரல் குட்டை. நெஞ்சில் ஏதோ வெள்ளைக்கார எழுத்து. வலது கையை நாலு விரல் அளவுக்கு மடித்துவிட்டு வீரணன் அதைப் போட்டுக்கொள்வான். ரெண்டு கையும் சரியாகிவிடும். மூன்று குளிர்காலம் தாண்டிய பனியன். எந்த ஊர் வெள்ளைக்காரனுக்கும் ஆகாதது அவனுக்குப் பொருந்திவிட்டது.

கட்டுத்தறியிலிருந்து மயிலை மாடு கத்தியது. அடிவயிற்றிலிருந்து இழுத்து, கடைசியில் உடைகிற கத்தல். விடிந்ததிலிருந்து இதே.

“உன்ற சக்களத்தி கூப்படறா,” என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டுக் குப்பாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முழங்கை கடைசியில் இளகியது. ராமாயி குட்டைக் கையை முதலில் உருவினாள், பிறகு தலை, பிறகு நீளக் கை. ஒரு நூல் அறவில்லை.

அந்த வாரம் மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டு விடிகாலை முறை. இன்று விடியுமுன் வீரணன் எழுந்து போய் மோட்டார் போட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. பாயில் புரண்டு படுத்தாள். அடுத்ததாகக் கட்டுத்தறியில் அவன் குரல்.

“எந்திரிங்க கண்ணு. என்ன, இன்னிக்கு இத்தனை சோம்பல்? இருங்க, போசி எடுத்துட்டு வந்தர்றனுங்க.”

பால் போசியை எடுத்துக்கொண்டு போனானே தவிரக் கறக்கவில்லை. சாணி அள்ள அவள் கூடையோடு போனபோது தீவனத் தாழியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான், கால் இரண்டும் ஈரத்தில். தூங்குகிறான் என்று நினைத்தாள். மயிலை குனிந்து அவன் தலையை நக்கிக்கொண்டிருந்தது. முடி முழுக்க ஒரு பக்கமாகப் படிந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வகிடெடுத்துச் சீவின மாதிரி இருந்தது. அவன் செத்திருக்கிறான் என்று தெரிவதற்கு முன்னால், அவளுக்கு வந்தது ஆத்திரம்தான். கூடையை மாட்டின் மூஞ்சியில் வீசினாள்.

கடைசியாக அவன் அவளிடம் சொன்னது, முந்தின நாள் சாப்பிடும்போது, “குழம்புல உப்பு கம்மி.” மாட்டிடம் சொன்னது, “வந்தர்றனுங்க.”

இந்த ‘ங்க’வைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. உசிலம்பட்டிக்காரன். வாயைத் திறந்தால் கல்லு உடைக்கிற சத்தம் வரும். இங்கே வந்து பதினோரு வருடத்தில் மொதலாளியிடம் மட்டும் இந்த ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் பழகினான். அதை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டான். தண்ணி குடிங்க. தள்ளி நில்லுங்க. ஏனுங்க கண்ணு, கோபமா? பொண்டாட்டிக்கு ‘இந்தா’. மகளுக்கு ‘ஏ புள்ள’. கண்ணு என்று ஒரு சொல் அவன் வாயில் இருந்ததே மயிலை வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆறு வருடம் முன்னால் கண்ணபுரம் சந்தையில் பொங்கியண்ணன் அதைப் பிடித்துவந்தார். காங்கேயம் இனம். பாலுக்கென்று பார்த்தால் ஒன்றுமில்லை, அழகுக்கு. தோட்டத்தில் இருக்கும் ஜெர்சி இரண்டையும் யார் உட்கார்ந்தாலும் கறக்கலாம். மயிலை வேறு. புது ஆளைக் கண்டால் கொம்பைத் தாழ்த்தும். வீரணன் கை பட்டால்தான் நிற்கும். அதனால் வீரணன் எங்கேயும் போக முடியாமல் போனது. நதியா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவன், தாலி கட்டி முடித்த கையோடு பஸ் ஏறிவிட்டான். பொழுதோட, சாயங்காலப் பால் கறக்க வேண்டும். கல்யாண ஆல்பத்தில் அவன் இருக்கிற படம் ஒன்றே ஒன்று. அதிலும் பாதி முகத்தைக் குத்துவிளக்கு மறைத்துவிட்டது. பந்தியில் நாலு பேர், “எங்கத்தா உம் புருசன்?” என்று கேட்டபோது ராமாயி, “வேலை இருக்குன்னு போயிட்டாக,” என்றாள். மாட்டுக்காக என்று சொல்ல நா எழவில்லை.

போன மாசம் மயிலையின் கன்று கழிச்சல் கண்டு செத்தது. நாற்பது நாள் கன்று. கன்று இல்லாமல் மாடு பால் விடாது. சுற்றுவட்டத் தோட்டங்களில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் எடுத்துப்போகும் சாமியப்பன், தோலை உரித்து வைக்கோல் அடைத்துப் பொய்க்கன்று செய்து நிறுத்தச் சொன்னான். வீரணன் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏமாத்தக் கூடாதுங்க அவங்கள,” என்றான். அவங்கள! மூணு ராத்திரி கட்டுத்தறியிலேயே சாக்கை விரித்துப் படுத்தான். நாலாம் நாள் மாடு அவன் கைக்குப் பால் விட்டது, கன்றே இல்லாமல். பொங்கியண்ணன் வந்து பார்த்து அதிசயப்பட்டார். ராமாயி அன்றைக்கு அவனுக்குச் சோறு போடவில்லை. அவன் ஏனென்று கேட்காமல் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு மடை மாற்றப் போய்விட்டான்.

பனியனைச் சுருட்டி சாளைக்குள் கொண்டுபோனாள். நதியா எப்போதோ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பாலித்தீன் கவர் ஒன்று இருந்தது, துணி பேக்கிங் பண்ணுவது. பனியனை அதில் திணித்து, மூக்கை உள்ளே விட்டு ஒருமுறை இழுத்தாள். பீடி. தேங்காயெண்ணெய். வேர்வை. எல்லாவற்றுக்கும் மேலே மாடு. வாயை முறுக்கிக் கட்டி அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

வெளியே வந்தபோது பொங்கியண்ணன் நின்றிருந்தார். பின்னால் சாமியப்பன்.

“ராமாயி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்.” அவர் தரையைப் பார்த்துப் பேசினார். “மயிலை காத்தால இருந்து பால் விடலை. மடி கல்லாட்டம் ஆயிப்போச்சு. டாக்டருக்குப் போன் போட்டேன், பொழுதோடதான் வருவாராம். ஊசி போடலாம்னா கிட்டப் போனாத்தானே போடறது? வீரணன் போட்ட துணி ஏதாச்சும் இருந்தாக் குடு. சாமியப்பன் மேல போட்டுட்டு உக்காந்தா, வாசனைக்கு விட்டாலும் விடும்.”

ராமாயி கொடிக்கயிற்றுக்குப் போனாள். வீரணனின் கட்டம்போட்ட சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நேற்றுத்தான் நீலச் சோப்புப் போட்டுக் கும்மினது. உருவிக் கொடுத்தாள்.

சாமியப்பன் அதை மாட்டிக்கொண்டு கட்டுத்தறிக்குள் போனான். ஆள் வீரணனைவிடப் பருமன், பொத்தான் பூட்டவில்லை. “வாம்மா, வா வா, நாந்தான்,” என்று குரலைக் கனமாக்கிக்கொண்டு குந்தினான். மயிலை கழுத்தை வளைத்து அவன் தோளை மோந்தது. ஒரு நொடி எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அடுத்த நொடி போசி ஒரு பக்கமும் சாமியப்பன் ஒரு பக்கமும் கிடந்தார்கள்.

“அய்யோ என்ற இடுப்பு!” சாமியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “தொவைச்ச துணிங்க இது. சோப்பு வாசம் எனக்கே மூக்கைத் தொளைக்குது, மாட்டுக்குத் தெரியாதுங்களா?”

ராமாயிக்குக் காலையிலிருந்து முதல்முறையாக நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. கத்தட்டும் என்று நினைத்தாள். வலிக்கட்டும்.

“அழுக்குத் துணி இல்லியா ராமாயி?” என்றார் பொங்கியண்ணன்.

“எல்லாத்தையும் நேத்தே அலசிப் போட்டேன்யா.”

“காத்தால போட்டிருந்தானே, அந்தப் பனியன்?”

குப்பாயி ராமாயியைப் பார்த்தாள். நதியாவும் பார்த்தாள்.

“அதைச் சுடுகாட்டுக்குன்னு மூட்டை கட்டியாச்சுங்கய்யா. எங்க பக்கம் கட்டுன மூட்டையை நடுவுல அவுக்கக் கூடாது. அவுத்தா வீட்டுக்கு ஆகாது. முறை.”

அப்படி ஒரு முறை எந்தப் பக்கமும் இல்லை. சொல்லி முடித்த பிறகு அவளுக்கே அது பழங்காலத்து முறை மாதிரி தோன்றியது. பொங்கியண்ணன் உடனே ஒரு அடி பின்வாங்கினார்.

“உங்க பக்கத்து முறைன்னா நான் என்ன சொல்றது. விடு, விடு.”

அவர் நகர்ந்ததும் நதியா காதருகே வந்தாள். “எப்பம்மா வந்துச்சு இந்த முறை?”

“இப்பத்தான்.”

மணி பதினொன்று ஆனது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்கள் கட்டிலருகே வந்து ஒரு நிமிசம் நின்றார்கள், பிறகு மாடு கத்துகிற சத்தம் கேட்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. சீக்கிரத்தில் பிணத்தைச் சுற்றி நாலு பேரும் மாட்டைச் சுற்றி இருபது பேருமாக ஆகிவிட்டது.

“கண்ணுல தண்ணி ஊத்துது பாருங்க.”

“அய்யோ பாவமே. வாயில்லா சீவன்.”

“காத்தால இருந்து ஒரு வாய் தீவனம் எடுக்கலையாமா.”

ஒருத்தன் செல்போனை நீட்டிப் படம் எடுத்தான். மாடு தலையை ஆட்டியதால் படம் கலங்கிப்போக, இன்னொன்று எடுத்தான். பொங்கியண்ணனின் மனைவி அமராவதி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு:

“மாட்டுக்கு இருக்கற பாசம் பாரு. கட்டுன பொண்டாட்டி கண்ணுல ஒரு சொட்டு இல்லை.”

கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த ராமாயிக்குத் தெளிவாகக் கேட்டது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

ஆக, இதிலும் அதுதான் முதல். அவன் விடியுமுன் எழுந்துபோனது அதற்காக, கல்யாண வீட்டிலிருந்து ஓடினது அதற்காக, கடைசியாகப் பேசியது அதனிடம், செத்தது அதன் காலடியில். இப்போது துக்கம் விசாரிப்பதும் அதனிடம்தான். தாலி அவள் கழுத்தில் கிடக்கிறது, எழவு மாட்டுக்கு நடக்கிறது.

நதியாவைக் காணவில்லை. ராமாயி எழுந்து தேடிப்போனாள். மகள் கட்டுத்தறி மூலையில், வீரணன் சாய்ந்திருந்த தாழி ஓரம் குத்தவைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“இங்க என்னடி செய்யிற? அப்பன் அங்கிட்டுக் கெடக்காக.”

“அங்க அப்பா வாசனையே இல்லம்மா. டெட்டாலும் சோப்புமா இருக்கு.” நதியா மூக்கைத் துடைத்தாள். “இங்கதான் இருக்கு.”

ராமாயி மகளின் புஜத்தைப் பிடித்துத் தூக்கினாள். “எந்திரிச்சு வா. எந்திரிங்கிறேன்.” குரல் ஏறிவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பொங்கியண்ணன் எல்லோரையும், “அக்கட்டால போங்கப்பா, மாடு மெரளுது,” என்று விரட்டினார். வேன் மண்பாதையில் திரும்புவது தெரியவும் கூட்டம் அந்தப் பக்கம் கலைந்தது. நதியாவும் போனாள்.

ராமாயி மட்டும் நின்றாள்.

கிட்டத்தில் பார்க்க மடி பயங்கரமாக இருந்தது. தோல் இழுத்துப் பளபளத்து, நரம்பு கயிறு கயிறாகப் புடைத்து. பின்னங்காலைச் சேர்த்து வைக்க முடியாமல் மாடு அகட்டி நின்றது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு. கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு சொட்டு. கீழே சின்னதாகக் குளம் கட்டி, எறும்பு மொய்த்திருந்தது.

அவள் கை தன்னையறியாமல் மாராப்புக்குப் போனது.

நதியாவுக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை. நாலே நாள். புதைத்துவிட்டு வந்த ராத்திரி மார் இரண்டும் கல்லாகிவிட்டன. ரவிக்கை பட்டாலே உயிர் போனது. பால் நெறி கட்டிக் காய்ச்சல் அடித்தது. மாமியார், மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றாள். அது பூ கிடைக்காத மாசம். வீரணன் உசிலம்பட்டிவரை நடந்தான், அங்கே இல்லாமல் நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். மறுநாள் மதியம் நாலு முழம் பூவோடு வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளுக்கு வாங்கித் தந்த பூ அது ஒன்றுதான். கொடுத்துவிட்டு, ஒரு சொல் பேசவில்லை. வெளியே போய் வேலியோரம் உட்கார்ந்தான், மறுநாள் கல்லு உடைக்கப் போய்விட்டான். பூ அவள் மார்மேலேயே கருகி நாறிக் கிடந்தது மூன்று நாள்.

அப்போது அவனுக்கு வார்த்தை தெரிந்திருக்கவில்லை. அதையெல்லாம் அவன் இங்கே வந்துதான் பழகினான்.

இன்னொரு சொட்டு விழுந்தது.

“சனியனே,” என்றாள் ராமாயி.

சாளைக்குப் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். கவரைப் பிரித்துப் பனியனை உதறினாள். அரிசி சிதறியது. சேலைக்கு மேலேயே அதைத் தலைவழியாக மாட்டினாள். நீளக் கை அவள் விரலை மூடித் தொங்கியது. நாலு விரல் அளவுக்கு மடித்துவிட்டுக்கொண்டாள்.

வாசலில் குப்பாயி நின்றிருந்தாள். “மூட்டையை அவுக்கக் கூடாதுன்னியே?”

“அவுத்தா அவுந்துட்டுப் போகுது.”

போசியைப் பொறுக்கிக்கொண்டு கட்டுத்தறிக்குள் போனாள். மாடு கொம்பைத் தாழ்த்தியது. பிறகு மூக்கை நீட்டியது. அதன் மூச்சு நெஞ்சிலிருந்த வெள்ளைக்கார எழுத்தின்மேல் சுடச்சுட விழுந்தது. தோளை மோந்தது, மடித்துவிட்ட கையை மோந்தது. கத்தலுக்கு இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. கண்ணைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆறு வருடமாக இந்த மாட்டை அவள் சனியன் என்றும் முண்டை என்றும் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

“அவரு இல்லீங்க,” என்றாள். அந்த ‘ங்க’ அவள் வாயில் வேறு யாருடைய பல் செட்டு மாதிரி இருந்தது. “அவரு போயிட்டாருங்க. நான்தான். ராமாயி.”

மாடு காதை முன்னால் திருப்பியது.

“இருங்க கண்ணு.”

குந்தினாள். உதை விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் காம்பைத் தொட்டாள். தோல் நெருப்பாகக் கொதித்தது. முதல் நாலு பீச்சும் தயிர் மாதிரி திரி திரியாக வந்தது. அதைத் தரையில் விட்டாள். மாடு முதுகை நெளித்தது, காலைத் தூக்கவில்லை. பிறகு உள்ளே எதுவோ அவிழ்ந்தது. பால் போசியின் அடியில் விழுந்து சொர்ரென்று சத்தம் எழுப்பியது. அவள் நெற்றியை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் கறந்தாள். விலாவின் அந்த இடத்தில் முடி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அவன் நெற்றி தேய்ந்த இடம்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்தபோது கட்டுத்தறி வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவள் விலாவில் வைத்திருந்த முகம் முழுக்க ஈரமாக இருந்தது. மாட்டு வேர்வை என்று முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“வேன்காரன் ஆரன் அடிக்கிறாம்மா,” என்றாள் நதியா.

“அந்தக் கட்டரைக் குடு.”

நதியா புரியாமல் எடுத்துக் கொடுத்தாள். ராமாயி பனியனைக் கழற்றி, மறுபடி குந்தி மடிமேல் போட்டாள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாடு எட்டி நீளக் கையின் நுனியைக் கவ்வப் பார்த்தது.

“அது இல்ல,” என்று பிடுங்கிக்கொண்டாள்.

குட்டைக் கையைத் தோளோரம் பிடித்துக் கட்டரை வைத்தாள். தையல் கெட்டியாக இருந்தது, வெட்டு சறுக்கியது.

“தையல்மேல வெட்டாதம்மா. ஒரு நூல் தள்ளி வெட்டு. குடு, நான் வெட்டுறேன்.”

“வேணாம். நானே செய்யிறேன்.”

கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். வெட்டின கையைக் கட்டுத்தறித் தூணில், மாட்டு மூக்குக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

“சாமியப்பண்ணே. கறக்கப் போறப்ப இதை அவுத்துத் தோள்ல போட்டுக்கங்க. கறந்துட்டு இங்கனயே கட்டிருங்க. தப்பித்தவறித் தொவைச்சுப்புடாதீக.”

“சரிம்மா.” அவன் இடுப்பைத் தடவிக்கொண்டான். “அந்த நீளக் கை? அதுல வாசம் சாஸ்தியா இருக்குமே. கறக்கற கையாச்சே அது!”

“அது சுடுகாட்டுக்கு.” சொல்லிவிட்டு நதியாவின் முகத்தைப் பார்க்காமல் கவரை எடுத்தாள். “இன்னொண்ணு. வா போன்னு பேசுனா விடாது. ‘ங்க’ போட்டுப் பேசுங்க.”

“மாட்டுக்குங்களா?”

“ஆமா.”

பொங்கியண்ணன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “காரியம் முடிஞ்சு வந்துருவியல்ல ராமாயி? பதினாறாம் நாள் வண்டி வேணும்னாலும் அனுப்பறேன்.”

கேட்பது தனக்காகவா மாட்டுக்காகவா என்று அவள் யோசித்தாள். “பாப்பம்யா,” என்றாள்.

வீரணன் நடுவில் நீளவாக்கில் கிடந்தான், புது வேட்டியில், தலைமுடியை யாரோ நேர்வகிடு எடுத்துச் சீவிவிட்டிருந்தார்கள். ராமாயி கால்மாட்டில் உட்கார்ந்தாள். எதிரே நதியா. வேன் தென்னை வரிசைக்கு நடுவில் குலுங்கிக்கொண்டு நகர்ந்தது. மோட்டார் ரூமைத் தாண்டியது, தொட்டியைத் தாண்டியது.

ராமாயி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் காதைப் பின்பக்கமாகவே வைத்துக்கொண்டிருந்தாள். வேலி தாண்டும்வரை சத்தம் இல்லை. மண்பாதை முடிந்து தாராபுரம் ரோட்டில் ஏறும்வரையும் இல்லை.

“அதுக்குள்ள அடங்கிட்டா,” என்றாள்.

“யாரும்மா?”

ராமாயியின் மடியிலிருந்த பாலித்தீன் கவருக்கு வெளியே நீளக் கை நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி மடியில் விரித்து, நாலு விரலை வைத்து அளந்து, ஒரு மடிப்பு மடித்தாள். ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு உள்ளே வைத்தாள்.